துணி ஜட்டிக்கும் அலமாரியில் இடம் கொடுப்போம்



காரைக்குடி வட்டாரத்தில் மளிகைக் கடை, மருந்துக் கடை, ஜவுளிக் கடை என்ற வித்தியாசமில்லாமல் குழந்தைகளின் டயப்பர் விற்பனையாகிறது. பாக்கெட் தீர்ந்தால் வாடிக்கையாளர் தாமாகவே திரும்பி வருவார். 2025 செப்டம்பர் 22 முதல் இதன் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகவும் குறைந்தது. நல்ல சரக்குதான்; நாமும் விற்கிறோம். விற்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை.

ஆனால் ஒன்றரை, இரண்டு வயதாகிக் கழிப்பறைப் பழக்கம் தொடங்கும் பிள்ளைக்கும் இரவு பகலாக டயப்பரையே கட்டலாமா? அதனுள் இருக்கும் ரசாயனத் தூள் ஈரத்தை உறிஞ்சிக் கூழாக்கி விடுகிறது. நனைந்தது தெரிந்தால்தானே பிள்ளைக்குச் சொல்லத் தோன்றும்? நமது ஆச்சிமார்கள் காலை நீட்டி அமர்ந்து, பாதங்களின் மேல் குழந்தையை உட்கார வைத்து, ‘ஸ்ஸ்’ என்று ஒலி கொடுத்தே பழக்கினார்கள். பழைய வேட்டித் துணியே அன்று போதுமானதாக இருந்தது.

இன்று அதற்கென்றே, நடுவில் பல அடுக்குப் பருத்தித் துணி வைத்துத் தைத்த ஜட்டிகள் வருகின்றன. சிறிதளவு போனால் தரைக்கு வராமல் தாங்கும். ஈரமும் பிள்ளைக்குத் தெரியும்.

துவைக்கத் தண்ணீர் வேண்டுமே என்பது நமது வறண்ட சீமையில் நியாயமான கேள்வி. பிரிட்டன் அரசின் சுற்றுச்சூழல் அமைப்பு 2008இல் வெளியிட்ட ஆய்வும், துணியாக இருந்தால் மட்டும் போதாது. மொத்தமாகச் சேர்த்துத் துவைத்து, வெளியில் கொடியில் உலர்த்தி, அடுத்த குழந்தைக்கும் பயன்படுத்தினால்தான் சுற்றுச்சூழலுக்கு நல்ல பலன் என்றது. வெயிலுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் வெளியூர்ப் பயணத்திலும் டயப்பர் இருக்கட்டும்.

உபயோகித்த டயப்பரைச் சுற்றிப் போட உறை தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் தயாரிப்பாளர்களுக்குச் சொல்லின. ஆனாலும் ஊருணிக் கரையிலும் கால்வாயிலும் அவை கிடப்பதைக் கடை திறக்க வரும்போதே பார்க்கிறோம். நம் கடையில் விற்ற சரக்குதானே அது?

துணி ஜட்டி மாதாமாதம் விற்காது, உண்மை. அதனால்தான் சில்லறைக் கடைக்காரர் வாங்கிப்போடத் தயங்குகிறார். மொத்த வியாபாரிகளாகிய நாம், ஒரே அளவில் டஜன் எடுக்க வேண்டும் என்று அவரைக் கட்டாயப்படுத்தாமல், அளவுக்கு இரண்டு மூன்றாகக் கலந்து அனுப்புவோம். விற்காத அளவை மாற்றித் தருவோம். கடைக்காரர்களும் டயப்பர் கேட்டு வரும் தாயிடம், “பிள்ளைக்கு என்ன வயது, அம்மா?” என்று ஒரு வார்த்தை விசாரிக்கலாம். ஒரு பாக்கெட் குறைவாக விற்றாலும், நல்லது சொன்ன கடை என்று அந்தக் குடும்பம் நம்மைத் தேடி வரும்.