ஏர்கோன் குத்தகையாளர்களே, 5 லட்சம் வெள்ளி வரம்பைக் கவனியுங்கள்!

ஜார்ஜ்டவுன் ஹோட்டல்களுக்கும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கும் ஏர்கோன் பராமரிக்கும் சிறு குத்தகையாளர்களுக்கு வருமான வரி மட்டும் கணக்கு அல்ல. 2024 மார்ச் 1 முதல் பராமரிப்பு, பழுதுபார்ப்புப் பணிகளுக்கும் 8 விழுக்காடு சேவை வரி உண்டு. 12 மாதங்களில் அப்பணிகளின் மதிப்பு 5 லட்சம் வெள்ளியைத் தாண்டினால் சுங்கத்துறையிடம் பதிவு செய்வது கட்டாயம்.

இங்கேதான் ஆபத்து. 1 லட்சம் வெள்ளி வேலைக்கு வரி 8,000 வெள்ளி. அதை வாடிக்கையாளரிடம் வசூலிக்காமல் விட்டால், சொந்த இலாபத்திலிருந்து கட்ட நேரும். பணம் வராமல் இழுபட்டாலும், இன்வாய்ஸ் கொடுத்து 12 மாதம் கடந்தால் வரி செலுத்தியாக வேண்டும்.

எனவே மாதந்தோறும் கடந்த 12 மாத வேலையைக் கூட்டிப் பாருங்கள். புதிய ஒப்பந்தம் கிடைத்தால் வரப்போகும் 12 மாதத்தையும் கணக்கிடுங்கள். விலை சொல்லும்போதே ‘சேவை வரி தனி’ என்று எழுதிவிடுங்கள்.