மலையகச் சிறார்களுக்கும் விளையாட இடம் வேண்டும்

ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியாவுக்கு வரும் குடும்பங்கள் தவறாது செல்லும் இடங்கள் விக்டோரியா பூங்காவும் கிரகரி வாவிக் கரையுமாகும். வாவி 1873 இல் ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில் அமைக்கப்பட்டது. பூங்கா 1897 இல் விக்டோரியா மகாராணியின் வைர விழாவின் நினைவாக உருவானது. இன, மத பேதமின்றி நாட்டின் நாலா திசைகளிலிருந்தும் வருவோர் தமது பிள்ளைகளுடன் அங்கு மகிழ்ந்து திரும்புகின்றனர்.

ஆனால், சுற்றியுள்ள தோட்டங்களின் பிள்ளைகளுக்கு இவை எட்டாத இடங்களாகவே இருக்கின்றன. பஸ் கட்டணமும் நுழைவுக் கட்டணமும் நாட்சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்குச் சிறிய செலவல்ல. அப்பிள்ளைகள் லயத்து வாசலிலும் வாகனங்கள் திரும்பும் வளைவுகளிலுமே விளையாடுகின்றனர்.

ஹட்டன் டன்பார் மைதானம், நோர்வூட் மைதானம் போன்றவை இல்லாமல் இல்லை. அவை இளைஞர்களின் விளையாட்டுக்கும் அரசியல் கூட்டங்களுக்கும் பயன்படுகின்றன. 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மலையக மக்களிடையே உரையாற்றியதும் நோர்வூட்டில்தான். எனினும், ஐந்து வயதுக் குழந்தையுடன் ஒரு தாய் மாலைப்பொழுதில் சென்று அமரக்கூடிய இடம் தோட்டத்துக்குள் இருக்கின்றதா என்பதே கேள்வியாகும்.

இந்நிலைக்குச் சட்டமும் ஒரு காரணமாக இருந்தது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆவது பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் நிதி செலவிடுவதற்குத் தடையாக அமைந்தது. வாக்களிக்கும் உரிமை இருந்தும் அச்சபைகளின் சேவையைப் பெறும் உரிமை தோட்ட மக்களுக்கு முழுமையாகக் கிட்டவில்லை. மூன்று தசாப்தங்களின் பின்னர், 2018 இலேயே அச்சட்டம் திருத்தப்பட்டது. ஆகவே, "தோட்டம் எங்கள் பொறுப்பல்ல" என்று 2025 மே மாதத் தேர்தலில் தெரிவான சபைகள் கூற முடியாது.

காணி இல்லை என்பதும் ஏற்கத்தக்க பதிலல்ல. 1992 முதல் பெருந்தோட்டக் கம்பனிகள் நிர்வகித்துவரும் தோட்டக் காணிகளில் பெரும்பகுதி அரசுக்குச் சொந்தமானது. தோட்ட வீடமைப்புத் திட்டங்களில் வீடொன்றுக்கு 7 பேர்ச்சஸ் வழங்கப்பட்டு வந்தது. 50 வீடுகளுக்கு 350 பேர்ச்சஸ் ஒதுக்க முடியுமெனில், மேலும் மூன்று வீடுகளுக்குரிய 21 பேர்ச்சஸ் காணியைச் சிறுவர்களுக்கென ஒதுக்குவது இயலாத காரியமா? மண்சரிவு அபாயமுள்ள மலைச்சரிவுகளில் சமதரை கிடைப்பது அரிது என்பது உண்மையே. அதனாற்றான், வீடுகளைக் கட்டி முடித்த பின்னர் இடம் தேடாமல், திட்டம் வரையும்போதே அதனை ஒதுக்க வேண்டும்.

விளையாட்டிடம் ஆடம்பரமல்ல. இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31 ஆவது உறுப்புரை, ஓய்வையும் விளையாட்டையும் சிறுவரின் உரிமையாகவே கூறுகின்றது. குறிப்பாக, மைதானங்களை இளைஞர்கள் நிறைத்துக்கொள்ளும்போது ஒதுங்கி நிற்கும் பெண் பிள்ளைகளுக்கு இத்தகைய இடம் மிக அவசியமாகும். ஊஞ்சலையும் சறுக்கியையும் நிறுவித் திறப்பு விழாவோடு மறந்துவிடாமல், பராமரிப்புக்கென ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தில் நிதி ஒதுக்குவதும் சபைகளின் கடமையாகும்.

துரைமாரின் பொழுதுபோக்குக்காகப் பூங்காவும் வாவியும் அமைக்க அன்று இந்த மலைகளில் இடமிருந்தது. அந்த மலைகளைச் செல்வமாக்கிய தொழிலாளரின் பிள்ளைகளுக்கு இன்று 21 பேர்ச்சஸ் இல்லை என்பதை எவரும் நியாயப்படுத்த முடியாது. பிரதேச சபைகளும் கம்பனிகளும் மலையகப் பிரதிநிதிகளும் இதற்குச் செயலில் பதிலளிக்க வேண்டும்.