பிழைத்தவருக்குப் பிழைப்பு எங்கே?

ஆண்டுதோறும் ஜூன் மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமையன்று, புற்றுநோயிலிருந்து மீண்டு வாழ்வோரைப் போற்றும் நாளொன்று உலகின் பல நகரங்களில் கொண்டாடப்படுகிறது. அமெரிக்காவில் 1988இல் தொடங்கிய வழக்கம் இது. மீண்டவர்கள் மேடையில் அமர்கிறார்கள். வைத்தியர்களும் உற்றார் உறவினரும் அவர்களை வாழ்த்துகிறார்கள். நல்ல காரியந்தான். சாவின் வாசற்படியை மிதித்துத் திரும்பிய ஒருவரைக் கண்டு மகிழாத நெஞ்சம் மனித நெஞ்சமாகாது.

ஆனால் ஞாயிறு கழிந்தால் திங்கள் விடியும். அட்டனிலும் நுவரெலியாவிலும் தேயிலை மலைகளில் வாழும் நம் மக்களுக்குத் திங்கட்கிழமை என்பது பிரட்டுக்களம். புற்றுநோயிலிருந்து மீண்ட ஒரு தாய் அன்று காலையில் அங்கே போய் நின்றால் அவளுக்குப் பேர் விழுமா? விழுந்தால் அது முழுப்பேரா, அரைப்பேரா? இதுவே நம் கேள்வி. இதற்கு விடை சொல்லாத கொண்டாட்டம் எதுவாயினும், அது எங்கள் மலைகளைப் பொறுத்தவரை அரைகுறைக் கொண்டாட்டமே.

தமிழில் 'பிழைத்தல்' என்ற சொல் இரண்டு பொருளைத் தருகிறது. சாவினின்று தப்புவதும் பிழைத்தல்; உழைத்துச் சோறு தேடுவதும் பிழைத்தல். மலையக மக்களின் வரலாற்றில் இவ்விரண்டு பொருளும் பிரிந்ததே இல்லை. பிழைக்க வந்தவர்கள் என்றுதான் நம் மூதாதையரை அழைத்தார்கள். காப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்தவர்களில் வழியிலே மாண்டவர்கள் எத்தனையோ பேர். அந்த வருகையின் இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். அன்று வழியில் பிழைத்தவர்க்கே தோட்டத்தில் பிழைப்பு இருந்தது. இன்றோ நோயிலிருந்து பிழைத்தவர்க்குத் தோட்டத்தில் பிழைப்பு இல்லை என்னும் நிலை.

புற்றுநோய் என்றால் சாவுதானே, அதற்கென்று தனி வைத்தியசாலை எதற்கு என்ற எண்ணம் ஆட்சிபீடங்களிலேயே குடியிருந்த காலம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தைப் பொது முயற்சியாக மாற்றி, 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கினார். இலங்கையில் மஹரகமையில் எழுந்த புற்றுநோய் வைத்தியசாலை இன்று 'அபேக்ஷா' என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது. எதிர்பார்ப்பு, நம்பிக்கை என்பது அச்சொல்லின் பொருள். அங்கே ஏழைக்கும் இலவசமாக வைத்தியம் கிடைக்கிறது. இது இந்நாட்டு மக்கள் பெற்ற மாபெரும் பேறு; இதைப் போற்றாமல் வேறொன்றைப் பேசுவது நன்றிகெட்ட செயலாகும்.

எனினும் வைத்தியம் முடிந்த நாளோடு நோயாளியின் கதை முடிந்துவிடுவதில்லை. இதை உலகுக்கு உரக்கச் சொன்னவர் ஃபிட்ஸ்ஹியூ மல்லன் என்ற அமெரிக்க வைத்தியர். தாமே புற்றுநோயில் வீழ்ந்து எழுந்த அவர், 1985இல் எழுதிய கட்டுரையில், பிழைத்திருத்தல் என்பது பல பருவங்களைக் கொண்ட நீண்ட வாழ்க்கை என்று விளக்கினார். வைத்தியம் நடக்கும் பருவம் ஒன்று. அது முடிந்தபின் அச்சமும் சோர்வும் நிறைந்த பருவம் மற்றொன்று. நோயின் தழும்புகளுடன் உலகத்தில் மறுபடி வேலைசெய்து வாழும் பருவம் மூன்றாவது. வேலை, வருமானம், சமூகத்தில் இடம் ஆகியவையும் அவர் கணக்கில் நோயின் பகுதிகளே. அமெரிக்க வைத்தியர் ஒருவருக்குப் புலப்பட்ட இவ்வுண்மை நம் தோட்டத் துரைமாருக்குப் புலப்படவில்லை.

இலங்கையின் ஆண்களிடையே முதலிடம் பெறுவது வாய்ப்புற்று. பெண்களிடையே முதலிடம் பெறுவது மார்பகப் புற்று. இந்த இரண்டும் வந்து, சிகிச்சை பெற்று, மீண்ட உடல் ஒன்றைத் தேயிலை மலையில் ஏற்றிப் பாருங்கள்.

வாய்ப்புற்றுக்காகக் கழுத்தில் உள்ள நெறிகளை அகற்றும்போது, தோளை இயக்கும் நரம்பு பாதிக்கப்படுவதுண்டு. தோள் சரிந்துவிடும், கையை உயர்த்துவது கடினமாகும். கொழுந்து பறிப்பவளோ கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி, கழுத்தாலும் தோளாலும் அந்தப் பாரத்தைத் தாங்குபவள். கதிர் சிகிச்சை பெற்ற வாயில் உமிழ்நீர் வற்றும். அடிக்கடி தண்ணீர் குடித்தாக வேண்டும். மலையுச்சியில் தண்ணீருக்கு எங்கே போவது? வாய் திறப்பது குறுகும். மென்மையான, சத்துள்ள உணவே இறங்கும். லயத்து அடுப்பில் வேகுவதோ கோதுமை மா ரொட்டி. மார்பகப் புற்றுக்காக அக்குளில் உள்ள நெறிகளை எடுத்தவளுக்கு அந்தக் கை வீங்கும் அபாயம் ஆயுள் முழுதும் உண்டு. அளவான பயிற்சி நல்லது, ஆனால் கையில் கீறலும் கடியும் தொற்றும் ஆகா. தேயிலைச் செடியின் வாதுகள் கீறாத கையும், மழைநாளில் அட்டை கடிக்காத தோலும் எந்த மலையில் உண்டு?

இத்தனைக்கும் மேலாக நிற்கிறது தராசு. மடுவத்தில் கொழுந்தை நிறுத்து, ஈரத்துக்கும் சாக்குக்கும் கழித்தது போக, விதித்த கிலோ வராவிட்டால் அந்த நாளின் கூலி முறிகிறது. அந்தத் தராசுக்கு நோய் தெரியாது, தழும்பு தெரியாது, சரிந்த தோள் தெரியாது. மக்களின் வரிப்பணத்தில் பொது வைத்தியசாலை காப்பாற்றிக் கொடுத்த உயிரைத் தோட்டத்துத் தராசு திரும்ப வாங்கிக்கொள்கிறது. இதைவிடப் பெரிய தேசிய நட்டம் எது?

இங்கே ஒரு சாரார் குறுக்கிடுவர். "வெற்றிலையும் புகையிலையும் போட்டது யார்? தாமே தேடிக்கொண்ட நோய்க்குத் தோட்டம் என்ன செய்யும்?" என்பர். வெற்றிலைக் கூட்டின் கொடுமையை நாம் மறைக்கவில்லை. புகையிலை சேர்ந்த வெற்றிலைக் கூட்டு புற்றுநோயைத் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1985இல் அறிவித்தது. புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோயைத் தரும் என்று 2004இல் உறுதிசெய்தது. இதை நம் மக்களிடம் ஆயிரம் முறை சொல்லவேண்டும். ஆயினும் கேட்கிறோம்: விடியலில் வெறுந்தேநீருடன் மலையேறி, பனியிலும் மழையிலும் நின்று, பசியை அடக்கவும் குளிரை மறக்கவும் ஒரு வாய் வெற்றிலையை அடக்கிக்கொண்டவளுக்கு அதைத் தவிர வேறெதைக் கொடுத்தீர்கள்? அவள் பசியை மறந்து பறித்த கொழுந்தின் இலாபத்தை எடுத்துக்கொண்டவர்கள், அவள் வாயில் வந்த புண்ணை மட்டும் அவளுடையது என்று தள்ளிவிடுவது என்ன நியாயம்?

இன்னொரு சாரார், "காலந்தாழ்த்தி வருகிறார்கள், அறியாமைதான் காரணம்" என்பர். இதற்கும் நம் நாட்டு அனுபவமே விடை சொல்கிறது. 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளிவந்த ஆய்வொன்று இலங்கையில் நடத்தப்பட்டது. ஆரம்ப சுகாதார ஊழியர்கள் பயிற்சி பெற்று, ஓராண்டுக் காலத்தில் இருபத்தெட்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் வாயைப் பரிசோதித்தார்கள். ஐயத்துக்குரிய புண்களையும் தழும்புகளையும் அவர்கள் திறம்படக் கண்டறிந்தார்கள். ஆனால் மேற்பரிசோதனைக்கு அனுப்பப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் போய்ச்சேரவில்லை. கண்டறியும் அறிவு நம்மிடம் நாற்பதாண்டுகளாக இருக்கிறது. கண்டறியப்பட்டவர் போய்வருவதற்கு வேண்டிய கூலியும் பயணச்செலவும் துணையும்தான் இல்லை.

அட்டனிலிருந்து மஹரகமைக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல். கண்டிக்குப் போவதானாலும் ஒரு நாள் வேலை போய்விடும். மீண்டவர் பல ஆண்டுகள் கிளினிக்குக்குப் போயாக வேண்டும். ஏனெனில் வாய்ப்புற்று ஒருமுறை வந்த வாயில் மறுபடியும் வரக்கூடும். நாட்கூலிக்காரருக்கு ஒவ்வொரு கிளினிக் நாளும் இரட்டை நட்டம்: கூலியும் போயிற்று, பஸ் காசும் போயிற்று. உடன் செல்லும் மகனுக்கும் அதே நட்டம். மூன்று முறை போனவர் நான்காம் முறை போகாமல் இருந்துவிட்டால் அதற்கு அறியாமை என்றா பெயர்? டிக்கோயா கிளங்கனில் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட வைத்தியசாலை 2017இல் திறக்கப்பட்டது. கட்டடங்கள் வருவதை வரவேற்கிறோம். மீண்டவர்களின் தொடர்பரிசோதனையையும் மலைக்கு அருகே கொண்டுவருமாறு கேட்கிறோம்.

ஆகவே நாம் கோருவது அனுதாபமன்று, உரிமை. சிகிச்சை முடிந்து வரும் தொழிலாளிக்கு, வைத்தியர் குறிக்கும் காலம் வரை, கிலோக் கணக்கில்லாத இலகுவான வேலையை முழுப்பேருக்குக் கொடுக்கவேண்டும். நாற்றுமேடையும் பிள்ளை மடுவமும் எல்லாத் தோட்டங்களுக்கும் தெரிந்த இடங்களே. கிளினிக் நாளுக்குக் கூலியும் பயணச்செலவும் வேண்டும். பிரட்டுக்களத்திலேயே, வேலை நேரத்திலேயே, பயிற்சி பெற்றவர் ஆண்டுக்கொருமுறை ஒவ்வொருவரின் வாயையும் பார்க்கவேண்டும். வீட்டில் செய்யவேண்டிய பயிற்சியும் உணவு முறையும் தமிழில் எழுதித் தரப்படவேண்டும். நோயாளி வாசிக்க முடியாத துண்டு மருந்தாகாது.

தொழிற்சங்கத் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1000 ரூபாய் நாட்கூலிக்காக ஆண்டுக்கணக்காகப் போராடி 2021இல் அது சம்பள நிர்ணய சபையின் வழியாக வந்தது. 2024இல் அது 1350 ரூபாயாயிற்று. அப்போராட்டங்களின் பெருமையை நாம் குறைக்கவில்லை. ஆனால் வேலைக்குப் போக முடிந்தவருக்கே அந்தக் கூலி. நலமாயிருந்தபோது மாதாமாதம் சந்தா கட்டியவர் நோயுற்று மீண்டபோது, அவருக்காக ஒரு கோரிக்கையேனும் உங்கள் பட்டியலில் உண்டா?

இறுதியாக நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். இவ்விதழை வாசிக்கும் ஆசிரியர்களில் பலர் லயத்துப் பிள்ளைகள். நம் தாயின் தலையிலிருந்த கூடைதான் நம்மைப் படிக்கவைத்தது. புற்றுநோய் தொட்டால் ஒட்டும் என்று மீண்டவருக்குத் தனிக் கோப்பை வைக்கும் வீட்டையும், அவர் மகளைப் பெண்ணெடுக்கத் தயங்கும் உறவையும் நாம் அறிவோம். அது வினைப்பயன் என்று முணுமுணுப்போரையும் அறிவோம். இந்த இருட்டைப் போக்குவது எவருடைய வேலை? இரண்டு வாரம் ஆறாத புண்ணும், வெள்ளைத் திட்டும், சிவப்புத் திட்டும், வாய் திறக்க முடியாமையும் ஆபத்தின் அறிகுறிகள் என்பதை ஒவ்வொரு மாணவனும் வீட்டுக்குக் கொண்டுபோகட்டும். தொடக்கத்திலேயே கண்டால் பெரும்பாலோர் பிழைப்பர் என்ற செய்தியும் கூடவே போகட்டும்.

அச்செய்திக்கு மீண்டவரைவிடச் சிறந்த சாட்சி வேறில்லை. அவரைப் பாடசாலைக்கு அழைப்போம், வாசிகசாலைக்கு அழைப்போம், மே தினக் கூட்டத்தில் முன்வரிசையில் அமர்த்துவோம். வெற்றிலைப் பையைத் தூக்கியெறிந்துவிட்டு, கோணிய வாயோடு அவர் பேசும் நான்கு சொல், நம் நாற்பது பிரசங்கங்களைவிட அதிகம் செய்யும். அவரைக் கொண்டாடுவோம். கொண்டாடிய கையோடு, மறுநாள் காலையில் அவருடன் பிரட்டுக்களத்துக்கு நடப்போம். அங்கே அவருக்கு முழுப்பேர் விழும் நாளே நாம் கொண்டாடும் நாள்.