காலித் துறையில் கிடைத்த கல்



சீன நாட்டார் சிலரின் பெயர்களைக் கூறுமாறு உங்கள் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். பாடநூலில் படித்த கன்பூசியஸையும், காஞ்சிக்கு வந்த யுவான் சுவாங்கையும் சற்று யோசித்துச் சொல்வார்கள். புரூஸ் லீ, ஜாக்கி சான், கூடைப்பந்து வீரர் யாவோ மிங் ஆகிய பெயர்களோ யோசிக்காமலே வந்து விழும். நம் குமரிமுனைக் கடலைச் சுற்றிச் சென்ற சீன முஸ்லிம்கள் இருவரை அவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். பெரியவர்களாகிய நாமும் அறியோம் என்பதே உண்மை.

ஒருவர் செங் ஹே. 1371-ஆம் ஆண்டு யுன்னான் பகுதியில் 'மா' என்னும் குடிப்பெயருடைய முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். தந்தையும் பாட்டனாரும் ஹாஜிகள் எனத் தந்தையின் கல்லறைக் கல்வெட்டு தெரிவிக்கிறது. மிங் பேரரசின் படை யுன்னானைக் கைப்பற்றியபோது, ஏறத்தாழப் பத்து வயதுச் சிறுவரான அவர் சிறைபிடிக்கப்பட்டார். ஆண்மை நீக்கப்பட்டு, இளவரசர் ஒருவரின் ஏவலராக்கப்பட்டார். நம் மதரஸாவில் ஓதும் பிள்ளைகளின் வயது அது, எண்ணிப் பாருங்கள்! அந்த இளவரசரே 1402-இல் யோங்லே பேரரசராக அரியணை ஏறினார். போர்க்களத்தில் துணைநின்ற ஏவலருக்குச் 'செங்' என்னும் பெயரைச் சூட்டி, மாபெரும் கடற்படையின் தலைமையையும் ஒப்படைத்தார். 1405 முதல் 1433 வரை ஏழு பயணங்கள் நடந்தன. முதற் பயணத்தில் மட்டும் சென்றவர்கள் 27,000-க்கும் மேற்பட்டோர். 1492-இல் கொலம்பஸ் புறப்பட்டது மூன்றே கப்பல்களுடன்தான்.

இனி அந்தக் கல்லுக்கு வருவோம். 1911-இல் இலங்கையின் காலி நகரில், கால்வாயை மூடியிருந்த பலகைக்கல் ஒன்றில் எழுத்துகள் இருக்கக் கண்டார்கள். அது 1409-ஆம் ஆண்டு நாளிட்டது. செங் ஹே கொண்டுவந்தது. சீனம், தமிழ், பாரசீகம் என மும்மொழிகள் அதில் உள்ளன. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெய்வத்துறையில் கோயில் கொண்ட தேனவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாத்தின் பெயராலும் காணிக்கைகளைப் பதிவு செய்கின்றன. பொன் 1,000, வெள்ளி 5,000, பட்டு, நறுமண எண்ணெய் எனச் செல்லும் காணிக்கைப் பட்டியல் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றே. ஒருவருக்குக் கூட்டி மற்றவருக்குக் குறைக்கவில்லை. சீனப் பேரரசரின் கல்லில் தமிழ் இடம்பெற்றது ஏன்? அக்காலத்தில் இந்தக் கடலில் வாணிபம் செய்தோரின் மொழிகளுள் அதுவும் ஒன்று என்பதே காரணம்.

ஆயினும் மற்றொரு செய்தியையும் மறைத்தல் ஆகாது. அதே கடற்படை இலங்கையில் அழகேசுவரன் என்னும் ஆட்சியாளருடன் போரிட்டு, அவரைக் குடும்பத்துடன் சிறைபிடித்துச் சென்று, 1411-இல் சீன அரசவையில் நிறுத்தியது. பேரரசர் பின்னர் அவரை விடுவித்தார். சிறுவயதில் தாமே கைதியாக இழுத்துச் செல்லப்பட்டவர், பிறரைக் கைதியாக்கிக் கொண்டு சென்றார். நம்மவர் என்பதற்காக இதனைப் பூசி மெழுகுவதில் எனக்கு உடன்பாடில்லை. காணிக்கையும் அரசருடையது, வாளும் அரசருடையது. சுமந்தவர் செங் ஹே.

மற்றொருவர் மா ஹுவான். மொழிபெயர்ப்பாளராக உடன் சென்ற முஸ்லிம். இவர் வாளேந்தாமல், கண்டவற்றை எழுதிவைத்தார். எனக்கு இவரையே மிகவும் பிடிக்கும். இலங்கைத் துறையிலிருந்து நல்ல காற்றில் ஆறு பகல் ஆறு இரவு ஓடினால் கொல்லத்தை அடையலாம் என்கிறார். அப்படியானால் குளச்சல், தேங்காய்ப்பட்டினம் கரைகளுக்கு அப்பால்தானே அக்கப்பல்கள் சென்றிருக்கும்! கோழிக்கோட்டில் மன்னரின் பெரிய அதிகாரிகள் இருவரும் முஸ்லிம்கள் என்றும், வணிகர்கள் கைகோத்து விலை முடித்துவிட்டால் பிறகு மாற்றுவதில்லை என்றும், கணக்கர்கள் கைவிரல் கால்விரல்களைக் கொண்டே பிழையின்றிக் கணக்கிடுகிறார்கள் என்றும் வியக்கிறார். தென்னையையும் விடவில்லை. கள், எண்ணெய், கயிறு, சிரட்டைக் கிண்ணம், கூரை ஓலை என அதன் பயன்களை வரிசையாக எழுதுகிறார். நம் ஊர்த் தென்னந்தோப்பில் நின்று எழுதியதோ எனத் தோன்றும்.

அக்கல் இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. கொழும்பில் உறவினர் உள்ளவர்கள் நம் மாவட்டத்தில் பலர். அடுத்த முறை செல்லும்போது பிள்ளைகளையும் அழைத்துச் சென்று காட்டுங்கள். மூன்றனுள் பாரசீகப் பகுதியே மிகவும் தேய்ந்துள்ளது. தமிழ்ப் பகுதியை எழுத்துக்கூட்டிப் படிக்க முயலச் சொல்லுங்கள்.