கடையைச் சாத்தினால் சொல்லிவிட்டுச் சாத்துங்கள்

ஆவடியிலிருந்து சென்ட்ரல் போகும் மின்சார ரயிலில் வாராவாரம் கேட்கும் பாட்காஸ்ட் ஒன்று திடீரென்று நின்றுவிட்டால்? அடுத்த வாரம் வரும் வரும் என்று பார்த்து, கடைசியில் ஆளே மறந்துவிடுவார். நடத்தியவருக்கு அந்த விஷயத்தில் ஆர்வம் போயிருக்கும், அவ்வளவுதான்.

அது குற்றமா? இல்லவே இல்லை. மைக் வாங்கிய காசும் முழித்த ராத்திரிகளும் காமர்ஸ் பாஷையில் மூழ்கிய செலவு. தொடர்ந்தாலும் திரும்பாது, நிறுத்தினாலும் திரும்பாது. அதற்காகப் பிடிக்காததையே பேசிக்கொண்டிருந்தால், கேட்பவருக்கு ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

சி.சு. செல்லப்பா 1959-ல் ஆரம்பித்த 'எழுத்து' பத்திரிகை 1970-ல் நின்றது. அவருக்கு ஆர்வம் குறையவில்லை, வாசகர் ஆதரவுதான் போதவில்லை. அமெரிக்காவின் பில் வாட்டர்சன் கதை நேர் எதிர். 'கால்வின் அண்ட் ஹாப்ஸ்' 2000-க்கும் மேற்பட்ட பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்தது. தன் ஆர்வம் வேறு பக்கம் திரும்பிவிட்டது என்று ஆசிரியர்களுக்கு முன்கூட்டியே கடிதம் எழுதிவிட்டு, 1995 டிசம்பர் 31-ல் முடித்துக்கொண்டார்.

நிறுவனம் தொடர்ந்து நடக்கும் என்று வைத்துக்கொண்டுதான் கணக்கே எழுதுகிறார்கள். மூடப்போகிறது என்றால் அதைச் சொல்லியாக வேண்டும். கேட்பவரும் அதே நம்பிக்கையில்தான் காத்திருக்கிறார். அவருக்குப் பத்து நிமிஷத்தில் ஒரு கடைசி எபிசோட் போதும். நிறுத்துபவர் பழையதை மட்டும் அழிக்க வேண்டாம். நாளைக்கு அம்பத்தூரில் யாரோ ஒருவர் அதை முதல் எபிசோடிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்.