வீரப்பட்டமா? நிறப்பட்டமா?

அமெரிக்கக் குத்துச்சண்டைக்காரர் ஜாக் டெம்ப்ஸியை, 1919 முதல் 1926 வரை உலக சாம்பியனாய் இருந்தவர் என்று இன்னமும் பஜனை பாடுகிறார்கள். பாடட்டும். ஆனால் ஹாரி வில்ஸ் என்ற கருப்பர் வருஷக்கணக்காய்ச் சண்டைக்கு அழைத்தாரே, அவரோடு ஒரு நாளாவது மேடை ஏறினாரா?

1923-ல் பிர்போவை அடித்த பிறகு, மூன்று வருஷம் பட்டத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு சினிமாவில் நடித்தார். முதலில் வில்ஸோடு மோதவேண்டும் என்று நியூயார்க் அதிகாரிகள் சொன்னதும், பந்தயத்தையே பிலடெல்பியாவுக்குக் கொண்டுபோய் டன்னி என்ற வெள்ளையரிடம் தோற்றார்.

கருப்பர் ஜெயித்தால் கலகம் வரும் என்று பந்தயக்காரர்கள் பயந்தார்களாம்! 1910-ல் ஜாக் ஜான்சன் ஜெயித்தபோது கலகம் வந்தது வாஸ்தவந்தான். ஆத்திரத்தில் அடித்தவர்கள் யார்? வெள்ளையர்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் யார்? கருப்பர்கள். அடித்தவனுக்குப் பயந்து அடிபட்டவனுக்குக் கதவைச் சாத்துவது எந்த ஊர் நியாயம்?

(அந்த ஜான்சனும் பட்டம் கிடைத்ததும் சாம் லாங்போர்டு என்ற கருப்பருக்குச் சந்தர்ப்பம் கொடுக்கவில்லை. அவரையும் நாம் விடப்போவதில்லை.)

டெம்ப்ஸி கோழை என்று நாம் சொல்லவில்லை. 1916-ல் ஜான் லெஸ்டர் ஜான்சன் என்ற கருப்பரோடு சண்டை போட்டவர்தான். பட்டம் வந்த பிறகுதானா எதிராளியின் தோல் நிறம் கண்ணுக்குத் தெரிந்தது? அவரை வெள்ளையர்களின் சாம்பியன் என்று எழுதிக்கொள்ளுங்கள், ஆட்சேபணை இல்லை. "உலக" என்ற சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள்.