மணிலா மதிலோரம் நம் சிப்பாய்கள்

1762 ஜூலை கடைசியில் மெட்ராஸ் கடற்கரையிலிருந்து ஒரு படை மணிலாவுக்குக் கப்பலேறத் தொடங்கியது. அப்போது அங்கே துறைமுகம் கிடையாது. கப்பல்கள் ஆழக்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளையும் மூட்டையையும் வெடிமருந்துப் பீப்பாயையும் மசூலாப் படகில் ஏற்றி, அலை தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அப்படிப் போனவர்களில் வெள்ளைக்காரப் பட்டாளம் போக, 600 பேர் நம் சீமையில் ஆள் எடுத்த சிப்பாய்கள். ஆயுதம் இல்லாத லஸ்கர்கள் சில நூறு பேர். படைத்தலைவர் வில்லியம் டிரேப்பர் இந்தக் கணக்கை எழுதி வைத்திருக்கிறார். நம் ஆட்கள் அதில் எண்ணிக்கையாக மட்டும் இருக்கிறார்கள்.

இந்தக் கதையை எனக்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லவில்லை. எத்தனையோ முறை ஜார்ஜ் கோட்டையைச் சுற்றி நடந்திருக்கிறேன், அங்கேயும் கேட்டதில்லை. மணிலாவில், இன்ட்ராமுரோஸ் மதிலோரம் நின்றுகொண்டு, வழிகாட்டியாக வந்த ஓர் இளம்பெண் சொல்லித்தான் கேட்டேன்.

பிச்சாட்டூர்க்காரனுக்கு மணிலாவில் என்ன வேலை என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் டாக்டர் படிப்புக்கு பிலிப்பைன்ஸ் போவது இப்போது சாதாரணமாகிவிட்டது. என் அண்ணன் மகளும் அங்கேதான் படிக்கிறாள். அவளைப் பார்க்கப் போன இடத்தில், விடுமுறை நாளில் அவளே கூட்டிக்கொண்டு போனாள். "சித்தப்பா, கோட்டைன்னா உங்களுக்கு உயிராச்சே, வாங்க."

ஸ்பானியர்கள் ஆசியாவில் கட்டிய பெரிய மதில் நகரம் இன்ட்ராமுரோஸ். 1571இல் மிகுவேல் லோபெஸ் தே லெகாஸ்பி, பாசிக் ஆறு கடலில் சேரும் முனையில், ராஜா சுலைமானின் மரக்கோட்டை இருந்த இடத்தில் நகரத்தை நிறுவினார். கல் மதில் 1590களில் எழத் தொடங்கியது. எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான மெத்தென்ற கல். விரலால் தேய்த்தால் பொடி ஒட்டும், ஆனால் பீரங்கிக் குண்டை உள்வாங்கிக்கொள்ளும் என்றாள் அந்தப் பெண். சுற்றளவு நாலரை கிலோமீட்டர். வெளியே இருந்த அகழியை அமெரிக்கர்கள் தூர்த்துவிட்டார்கள், இன்று அது கோல்ஃப் மைதானம். உள்ளே குதிரை வண்டிகள், மூங்கிலால் செய்த சைக்கிள்கள். காவலர்கள்கூடப் பழைய ஸ்பானிய உடுப்பில் நிற்கிறார்கள்.

சுற்றுலாவுக்கான இந்த ஜோடனைகளோடு அவள் நிறுத்தியிருந்தால் இந்தப் பத்தியை எழுதியிருக்க மாட்டேன். அவள் முதலில் காட்டியது மதிலுக்கு வெளியே. சீன வியாபாரிகள் குடியிருந்த பரியான் எங்கே இருந்தது, அது ஏன் கோட்டைப் பீரங்கிகள் எட்டும் தூரத்திலேயே வைக்கப்பட்டது என்று கை நீட்டிக் காட்டினாள். இரவு 11 மணிக்கு மதில் கதவைச் சாத்தினால் விடியற்காலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். 1852 நிலநடுக்கத்துக்குப் பிறகுதான் இரவும் பகலும் திறந்திருக்கட்டும் என்று உத்தரவு வந்தது. உள்ளே அரசு செய்தவர்களைவிட வெளியே நிறுத்தப்பட்டவர்களைப் பற்றி அவள் அதிகம் பேசினாள். நல்ல வழிகாட்டிக்கு அதுதான் அடையாளம் என்று எனக்குப் பட்டது.

தென்மேற்கு மூலையில் சான் தியேகோ கொத்தளம். அதன் நடுவே தரையைத் தோண்டி எடுத்த ஒரு வட்டக் கட்டடத்தின் அடித்தளம் தெரிகிறது. ஒன்றுக்குள் ஒன்றாகக் கல் வளையங்கள், இடையிடையே பிரிக்கும் சுவர்கள். 1580களில் அந்தோனியோ செதெனியோ என்ற ஏசு சபைப் பாதிரியார் மேற்பார்வையில் எழுந்த கோட்டை அது, மணிலாவின் கல் கோட்டைகளில் மூத்தது. இந்த மூலையைத்தான் டிரேப்பரின் பீரங்கிகள் குறிவைத்தன. செப்டம்பர் 23 அன்று கப்பல்கள் விரிகுடாவுக்குள் வந்தபோது, ஸ்பெயினோடு இங்கிலாந்து போரில் இருக்கிற சேதியே மணிலாவுக்கு எட்டியிருக்கவில்லை. ஆளுநர் பொறுப்பில் இருந்தவர் பேராயர் மனுவேல் ரோஹோ. அக்டோபர் 6 காலையில், மதிலில் விழுந்த உடைப்பு வழியே படை உள்ளே புகுந்தது.

"அவர்கள் மெட்ராஸிலிருந்து வந்தார்கள். ஆங்கிலேயரும் இந்தியச் சிப்பாய்களும்" என்றாள் அந்தப் பெண்.

அண்ணன் மகள் என் கையைப் பிடித்தாள். "நம்ம மெட்ராஸா சித்தப்பா?"

நம்ம மெட்ராஸ்தான். இதே டிரேப்பர், 1758 டிசம்பரில் லாலியின் பிரெஞ்சுப் படை மெட்ராஸை முற்றுகையிட்டபோது, ஜார்ஜ் கோட்டைக்குள்ளே இருந்து எதிர்த்து நின்றவர். 1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது. பிரெஞ்சுக்காரர்களின் கை ஒடிந்ததும் ஆற்காட்டுச் சீமையில் பட்டாளத்துக்கு வேலை குறைந்தது. மணிலாவைப் பிடித்தால் மெக்ஸிகோ வெள்ளி கையில் கிடைக்கும் என்பது டிரேப்பர் லண்டனில் விற்ற யோசனை. கவர்னர் பிகாட் காலத்து மெட்ராஸ் கவுன்சில் அரை மனதோடுதான் ஆள் கொடுத்தது. கிடைத்ததில் மூன்றில் ஒரு பங்கு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு என்பது பேச்சு.

நகரம் விழுந்த பிறகு கொள்ளை நடந்தது. சான் அகுஸ்தின் மாதாகோயிலின் நூலகமும் தப்பவில்லை. இதையும் அந்தப் பெண் மென்மையாக, எங்கள் முகம் பார்த்துச் சொன்னாள். அதைக் கேட்டு நான் தலை குனியவும் இல்லை, நிமிரவும் இல்லை. சம்பளத்துக்குத் துப்பாக்கி தூக்கிய ஏழைகள், இன்னொரு நாட்டு ஏழைகளின் ஊருக்குள் புகுந்தார்கள். நம் ஆட்கள் மற்றவர்களிடம் அடிபட்ட கதை மட்டும் நம் வரலாறு இல்லை, மற்றவர்களை அடிக்கப் போன கதையும் நம்முடையதுதான். இரண்டையும் சொல்லத் தெரிந்தால்தான் நமக்கு வரலாறு தெரியும் என்று அர்த்தம்.

ஆங்கிலேய ஆட்சி அங்கே மதிலைத் தாண்டி அதிக தூரம் போகவில்லை. சிமோன் தே அந்தா என்ற அதிகாரி பம்பாங்கா பக்கம் போய் எதிர்ப்பைத் திரட்டினார். மெட்ராஸ் கவுன்சிலிலிருந்து போன டாசன் டிரேக் மணிலாவுக்குக் கவர்னராக இருந்தார். 1763இல் பாரிஸ் உடன்படிக்கை எழுதியபோது மணிலா விழுந்த சேதி ஐரோப்பாவுக்கு வந்து சேரவே இல்லை. 1764இல் நகரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார்கள்.

எல்லோரும் ஏறவில்லை. மணிலாவுக்குக் கிழக்கே கெய்ந்தா என்ற ஊரில் நிறுத்தி வைத்திருந்த சிப்பாய்களில் ஒரு பகுதியினர் அங்கேயே தங்கிவிட்டார்கள். உள்ளூர்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு குடித்தனம் நடத்தினார்கள். அவர்கள் வம்சம் என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் கெய்ந்தாவிலும் பக்கத்துத் தாய்த்தாயிலும் இன்றும் உண்டு. டிரேப்பர் இங்கிலாந்துக்குத் திரும்பி, பிரிஸ்டலில் கிளிஃப்டன் என்ற இடத்தில், தன் 79ஆம் பட்டாளத்தில் இறந்தவர்களுக்குக் கல்லில் நினைவுச்சின்னம் எழுப்பினார். அது இன்றும் நிற்கிறது.

போர் ஒரு பக்கம் இருக்கட்டும், வியாபாரம் அதைவிடப் பழையது. சோழமண்டலக் கரைத் துணி மணிலாவுக்குப் போகும். அகபுல்கோவிலிருந்து பசிபிக் தாண்டி வந்த வெள்ளி மெட்ராஸுக்கு வரும். ஸ்பானியத் துறையில் ஆங்கிலக் கொடி செல்லாது என்பதால் ஆர்மீனிய வணிகர்கள் இடையில் நின்று நடத்தினார்கள். அப்படி மணிலாவில் பணம் சேர்த்தவர்தான் கோஜா பெட்ரூஸ் உஸ்கான். 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே மர்மலாங் பாலத்தைக் கட்டியவர், பரங்கிமலைக்குப் படி போட்டவர். அந்தப் பாலம் இருந்த இடத்தில்தான் இன்றைய மறைமலை அடிகள் பாலம். அதன் மேல் பேருந்தில் நின்றபடியே போகும் லட்சம் பேரில், மணிலாத் துணி வியாபாரக் காசில் விழுந்த பாதை இது என்று சொல்லித் தர ஓர் ஆள் இல்லை.

மணிலாவில் அந்த ஆள் இருக்கிறார் என்பதுதான் வித்தியாசம். இன்ட்ராமுரோஸில் உண்மையிலேயே பழையது என்று மிஞ்சியது கொஞ்சம். 1945 பிப்ரவரியில் ஜப்பானியருக்கும் அமெரிக்கருக்கும் நடந்த சண்டையில் மணிலாவில் சுமார் ஒரு லட்சம் பொதுமக்கள் செத்தார்கள். மதிலுக்குள் இருந்த ஏழு பெரிய மாதாகோயில்களில் 1607இல் கட்டி முடித்த சான் அகுஸ்தின் மட்டும் நின்றது. மற்றவை மண்மேடு. சாந்தோ தொமிங்கோ இருந்த இடத்தில் இன்று வங்கிக் கட்டடம். அந்த வங்கி எதிரே நிறுத்தி, கையிலிருந்த பழைய புகைப்படத்தை எங்கள் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, கோபுரம் எங்கே முடிந்தது என்று விரலால் காட்டினாள். இல்லாததைக் காட்டும் கலை அது. சாந்தியாகோ கோட்டையின் நிலவறை முன்னால் மட்டும் அவள் பேசவில்லை. சுமார் 600 பேரின் உடல்கள் அங்கே கிடைத்தன என்ற பலகையை நாங்களே படித்துக்கொண்டோம். பிறகு ஹோஸே ரிசால் 1896 டிசம்பர் 30 அன்று சிறையிலிருந்து கொலைக்களத்துக்கு நடந்த வழியில் பதித்திருக்கும் பித்தளைக் காலடிகளின் பக்கமாகவே நடத்திக் கூட்டிக்கொண்டு போனாள்.

இப்படிச் சொல்லித் தருவது தானாக வந்துவிடவில்லை. 1979இல் இன்ட்ராமுரோஸுக்கென்றே அரசு ஒரு நிர்வாக அமைப்பை ஏற்படுத்தியது. கார்லோஸ் செல்த்ரான் போன்றவர்கள் ஊர் சுற்றிக் காட்டுவதை நாடகத்துக்கு நிகரான கலையாக ஆக்கினார்கள். 2019இல் அவர் இறந்துவிட்டார், ஆனால் அவர் வழியில் இளையவர்கள் நடக்கிறார்கள்.

ஊர் திரும்பியதிலிருந்து சந்திரகிரிக் கோட்டை நினைப்பாகவே இருக்கிறது. பிச்சாட்டூரிலிருந்து புத்தூர், திருப்பதி வழியாக எட்டிப் பிடிக்கிற தூரம். 1639இல் மெட்ராஸ் மண்ணை ஆங்கிலேயருக்குக் கொடுத்தது தாமர்ல வெங்கடப்ப நாயக்கர். அவருக்கு மேலே அரசராக இருந்தவர் இந்தச் சந்திரகிரி வம்சத்து வெங்கடர். 1645இல் ஸ்ரீரங்க ராயர் அதை உறுதி செய்தார். ஜார்ஜ் கோட்டைக்கு வேர் இங்கே இருக்கிறது. வருகிறவர்களோ ராஜ மகால் முன்னால் படம் எடுத்துக்கொண்டு, புல்தரையில் புளிசாதம் சாப்பிட்டுவிட்டுத் திருப்பதிக்குப் பேருந்து பிடிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கூட நடந்து, இந்தக் கல்லைப் பாருங்கள் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

எங்கள் ஊர் அணையில் தேங்கும் ஆரணியாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். சுருட்டப்பள்ளியில் சிவன் பள்ளிகொண்ட கோயிலை உரசிக்கொண்டு, ஊத்துக்கோட்டையில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, பெரியபாளையம் தாண்டிப் பழவேற்காட்டு ஏரியில் சேர்கிறது. அங்கே டச்சுக்காரர்கள் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். துணி மட்டும் அங்கிருந்து போகவில்லை. பஞ்சத்திலும் போரிலும் சிக்கிய ஏழைகளை அடிமைகளாகப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றியதும் அந்தத் துறையிலிருந்துதான். கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. டச்சுக் கல்லறை மட்டும் நிற்கிறது, வாசல் தூண்களில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கிறது.

ஒரே ஆற்றின் ஓரமாக ஒரு நாள் பயணம். காலையில் நாகலாபுரத்தில் கிருஷ்ணதேவராயர் காலத்து வேதநாராயணர் கோயில், பிறகு பிச்சாட்டூர் அணை, சுருட்டப்பள்ளி, சாயங்காலம் பழவேற்காடு. இரண்டு மாநிலம் என்பதால் இரண்டு சுற்றுலாத் துறையும் எல்லைக்கோட்டோடு நின்றுகொள்கின்றன. ஆறு நிற்பதில்லை. எங்கள் பிள்ளைகள் வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்கும் பேசி வளர்கிறவர்கள், இந்த வழியில் நடத்திக் காட்ட அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்? கல்லூரிகளில் வரலாறு படிக்கிற நாலு பேருக்கு ஆறு மாதம் முறையாகப் பயிற்சி கொடுத்தால் போதும். கல்வெட்டு படிக்கவும், கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்லவும், ராஜாவோடு சேர்த்து நெசவாளியையும் சிப்பாயையும் அடிமையையும் சொல்லவும் கற்றுக்கொடுக்க வேண்டும். ஜார்ஜ் கோட்டையில் கடலைப் பார்த்த வாயில் பக்கம், 1762இல் இங்கிருந்து போன 600 பேரைப் பற்றித் தமிழிலும் தெலுங்கிலும் ஒரு பலகை வைக்க வேண்டும். தமிழ்நாடு அரசும் தொல்லியல் துறையும் மனது வைத்தால் அது பெரிய செலவில்லை.

மழை நின்று ஏரியில் பூநாரைகள் இறங்கும் டிசம்பர், ஜனவரிதான் இதற்கு நல்ல காலம். வெயில் தாங்கும், சாலையும் காய்ந்திருக்கும். பிச்சாட்டூர், நாகலாபுரம், சத்தியவேடு பக்கத்துக் கல்லூரி ஆசிரியர்கள் யாராவது மாணவர்களோடு இந்த வழியை ஒரு முறை நடந்து பார்க்க முன்வந்தால், என்னிடம் இருக்கும் புத்தகங்களோடும் குறிப்புகளோடும் அணைக்கட்டிலேயே வந்து சேர்ந்துகொள்கிறேன்.